அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை ரிச்சி தெருவிலும் பிற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க் ஆகியவற்றை வாங்கி, வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுவோர் நம் மாநிலத்தில் ஏராளம். மாணவர்களும், வேறு வேலையில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் ஆசையாக இதைச் செய்பவர்களுமே அவர்களில் மிகுதி. நான் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மின்னணுவியல் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பழுதான செட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு. வருபவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்பீக்கருக்கு மின்சாரம் தரும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது, புதிதாக வாங்கிப் போட்டோம், சுவிட்சைப் போட்ட நொடியில் அதுவும் போய்விட்டது. இப்படிப் பணத்தையும் ஆர்வத்தையும் இழந்து, கட்டிய பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பழுது காணும் முறையை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை என்பதும், விற்கப்படும் போர்டுகளில் பெரும்பாலானவற்றோடு ஒரு சர்க்யூட் வரைபடம்கூடத் தரப்படுவதில்லை என்பதுமே இதற்குக் காரணம் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் தெளிவாக்க வேண்டியது, அவுட்புட் டிரான்சிஸ்டர் வெடிப்பது பெரும்பாலும் விளைவே என்பதுதான். காரணம் வேறெங்கோ இருக்கும். அதைக் களையாமல் புதிய டிரான்சிஸ்டரைப் பொருத்தினால், அந்தக் காரணம் அதையும் எரிக்கும். தவிரவும், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும் அந்தக் கணத்தில் அது தனியாகப் போவதில்லை. அதை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டரையும், அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் உள்ள 0.22 ஓம் ரெசிஸ்டரையும், பேஸ் காலில் உள்ள சில ஓம் ரெசிஸ்டரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகக்கூடும். பேஸ் ரெசிஸ்டர் பல நேரங்களில் வெளியே கருகாமலேயே உள்ளே அறுந்துவிடுவதால், கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்தே பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டரைப் போர்டிலிருந்து கழற்றி, மீட்டரை டயோடு நிலையில் வைத்து அளந்தால், பேஸ்-எமிட்டர், பேஸ்-கலெக்டர் இரண்டிலும் ஒரு திசையில் மட்டும் சுமார் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். கலெக்டர்-எமிட்டர் இடையே இரு திசையிலும் எதுவும் காட்டக் கூடாது. இரண்டு மூன்று ஜோடிகள் இணையாகப் பொருத்தப்பட்ட போர்டில் ஒன்று ஷார்ட் ஆனாலே அந்தப் பக்கத்து டிரான்சிஸ்டர்கள் எல்லாமே ஷார்ட் ஆனதுபோல் மீட்டரில் தெரியும் என்பதால், கழற்றி அளக்காமல் எல்லாவற்றையும் குப்பையில் போடுவது வீண் செலவு.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 35 வோல்ட்டில் சுமார் 6 ஜூல் ஆற்றலை வைத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில நொடிகள் இரு முனைகளிலும் பிடித்து, பிறகு மீட்டரில் வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கைவைப்பதே சரி.

அடுத்தது, இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்லக்கூடியது: பழுது பார்த்த ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் நேராக 230 வோல்ட்டில் போடக் கூடாது. ஃபேஸ் ஒயரில் தொடராக ஒரு குண்டு பல்பை இணைத்து, அதன் வழியாகவே முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும். 100 வாட் குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது சுமார் 40 ஓம்தான் இருக்கும். முழுப் பிரகாசத்தில் எரியும்போது அது 530 ஓம் அளவுக்கு உயர்ந்துவிடும். எனவே ஆம்ப்ளிஃபயரில் எங்கே ஷார்ட் இருந்தாலும் மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டாது. பல்பு எரியும், டிரான்சிஸ்டர் பிழைக்கும். பழுதில்லாத செட்டில், கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, உடனே மங்கி, ஏறக்குறைய அணைந்துவிடும். தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு மீண்டும் தேட வேண்டியதுதான். எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. அதற்குள் இருக்கும் மின்னணுச் சுற்று இழையைப்போல் நடந்துகொள்ளாது. குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவருவதால், ஆர்வலர்கள் 60 வாட்டிலும் 100 வாட்டிலும் ஒவ்வொன்றை இப்போதே வாங்கி ஹோல்டருடன் ஒரு பலகையில் பொருத்தி வைத்துக்கொள்வது நல்லது. இங்கே நான் சொல்வதெல்லாம் இரும்புக்கருவோ டொராய்டோ கொண்ட சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் செட்டுகளுக்கு. எஸ்எம்பிஎஸ் என்னும் சுவிட்ச் முறை பவர் சப்ளையில் ஓடும், டிரான்சிஸ்டரைச் சுவிட்சாக இயக்கும் கிளாஸ்-டி போர்டுகளுக்குச் சோதனை முறையே வேறு.

இந்தக் கட்டத்தில் ஸ்பீக்கர் இணைக்கப்பட்டிருக்கவே கூடாது. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் போட்ட செட்டில் ரயில் வோல்ட்டேஜ், அதாவது போர்டுக்குப் போகும் பிளஸ், மைனஸ் டிசி வோல்ட்டேஜ், இருபுறமும் ஏறக்குறைய 33 முதல் 36 வரை இருக்கும். ஒரு பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் அந்த 35 வோல்ட் டிசி அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் டிசிக்கு 6 ஓம் அளவே இருக்கும் என்பதால், ஏறத்தாழ 200 வாட் வெப்பம் ஒலியே இல்லாமல் அந்த மெல்லிய கம்பியில் இறங்கி, சில நொடிகளில் அதைக் கருக்கிவிடும். எனவே ஸ்பீக்கரைக் கழற்றி, இன்புட்டை ஷார்ட் செய்து, அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி வோல்ட்டேஜை அளக்க வேண்டும். நல்ல ஆம்ப்ளிஃபயரில் அது சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் நிற்கும். அங்கே வோல்ட் கணக்கில் காட்டினால் பழுது இன்னும் உள்ளேயே இருக்கிறது.

அப்படி வோல்ட் கணக்கில் காட்டும்போதுதான் பெரும்பாலோர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். 1927-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹெரால்ட் பிளாக் கண்டறிந்த எதிர்ப் பின்னூட்டம்தான் இன்றைய பவர் ஆம்ப்ளிஃபயர்களின் அடிப்படை. அவுட்புட்டின் ஒரு பகுதி மீண்டும் உள்ளீட்டுக்கே வருவதால், எந்த ஒரு கட்டத்தில் பழுது வந்தாலும் எல்லாக் கட்டங்களின் வோல்ட்டேஜும் ஒரே நேரத்தில் தவறாகத் தெரியும். எதை அளந்தாலும் தவறாக இருக்கும்போது எதை மாற்றுவது என்ற குழப்பம் இயல்பே. ஆனால் இதே பின்னூட்டம்தான் பழுதைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. அவுட்புட் ஒரு பக்கமாகப் போய்விட்டால், முன்னே உள்ள ஒவ்வொரு கட்டமும் அதை மறுபக்கம் இழுக்க முயன்றுகொண்டிருக்க வேண்டும். எந்தக் கட்டம் முயலவில்லையோ, அல்லது முயன்றும் எந்தக் கட்டம் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லையோ, அங்கேதான் பழுது.

எடுத்துக்காட்டாக, உள்ளீட்டில் இரண்டு பிஎன்பி டிரான்சிஸ்டர்களும், அவற்றை அடுத்து எமிட்டர் நெகடிவ் ரயிலில் இணைந்த ஒரு என்பிஎன் வோல்ட்டேஜ் ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டரும் கொண்ட வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். அவுட்புட் +33 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பின்னூட்ட ரெசிஸ்டர் வழியாக ஃபீட்பேக் பக்கத்து டிரான்சிஸ்டரின் பேஸ் மேலே ஏறி, அந்த டிரான்சிஸ்டர் பிஎன்பி வகை என்பதால் முழுதும் அணைந்திருக்க வேண்டும். அதனால் இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய மின்னோட்டம் முழுவதும் இன்புட் பக்கத்து டிரான்சிஸ்டர் வழியாகவே பாய்ந்து, அதன் கலெக்டர் ரெசிஸ்டரில் வோல்ட்டேஜை உயர்த்தி, அடுத்த என்பிஎன் டிரான்சிஸ்டரை முழுமையாக ஓட வைத்திருக்க வேண்டும். இப்போது நெகடிவ் ரயிலில் ஒரு முனையையும் அந்த என்பிஎன் டிரான்சிஸ்டரின் பேஸில் மறுமுனையையும் வைத்து அளந்து பாருங்கள். 0.6 அல்லது 0.7 வோல்ட் காட்டினால் உள்ளீட்டுக் கட்டம் தன் கடமையைச் செய்கிறது. அந்த என்பிஎன் டிரான்சிஸ்டர் திறந்துபோய்விட்டது, அல்லது மேல்பக்க டிரைவரோ அவுட்புட்டோ ஷார்ட் என்று பொருள். பூஜ்யம் காட்டினால் உள்ளீட்டு ஜோடியிலோ, அதற்கு மின்னோட்டம் தரும் ரெசிஸ்டரிலோ பழுது என்று பொருள். பேஸ்-எமிட்டரே ஷார்ட் ஆகிவிட்டாலும் இங்கே பூஜ்யம்தான் காட்டும் என்பதால், அதையும் கழற்றி ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவுட்புட் நெகடிவ் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் இதே தர்க்கம் தலைகீழாகப் பொருந்தும்: அந்த என்பிஎன் டிரான்சிஸ்டர் அணைந்திருக்க வேண்டும், அணைந்திருந்தும் அவுட்புட் மேலே வரவில்லை என்றால், மேலிருந்து இழுக்க வேண்டிய கரண்ட் சோர்ஸோ பூட்ஸ்ட்ராப் ரெசிஸ்டரோ அறுந்திருக்கிறது, அல்லது கீழ்ப்பக்கத்தில் ஏதோ ஷார்ட். இரண்டே அளவுகளில் போர்டின் பாதிப் பகுதியைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிட முடிகிறது. வகுப்பில் இதை விளக்கும்போது மாணவர்களின் முகம் தெளிவதை நான் எப்போதும் மகிழ்ச்சியோடு கவனித்திருக்கிறேன். இத்தனைக்கும் வரைபடம் இருந்தால்தான் எந்தக் கால் எங்கே போகிறது என்பது தெரியும். போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தடம் வரைந்துகொண்டிருக்கும் நிலைக்கு ஒரு பள்ளி மாணவரைத் தள்ளுவது நியாயமாகாது.

வோல்ட்டேஜ்கள் சரியாகிவிட்ட பிறகும் சில செட்டுகளில் டிரான்சிஸ்டர் மீண்டும் போகும். அதற்கான காரணங்களில் ஹீட் சிங்க் முதன்மையானது. பரவலாகப் பயன்படும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஆகியவற்றின் பின்பக்க உலோகம் கலெக்டரோடு இணைந்தது என்பதால், ஹீட் சிங்கிலிருந்து அதை மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட் பிரிக்க வேண்டும். அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த செட்டில் மைக்கா பார்வைக்குப் புதிதாகவே இருந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, திருகு ஓட்டையின் ஓரத்தில் குண்டூசி முனை அளவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. ஹீட் சிங்கில் துளையிட்டபோது எழும்பிய அலுமினியப் பிசிறைத் தேய்த்து எடுக்காமல் விட்டதால், திருகை முறுக்க முறுக்க அது மைக்காவைக் குத்தியிருக்கிறது. குளிர்ந்த நிலையில் மீட்டரில் ஒன்றும் தெரியாது. சூடேறி உலோகம் விரிந்ததும் ஷார்ட். துளையின் விளிம்பைப் பெரிய டிரில் முனையால் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி வழவழப்பாக்கியதோடு அந்த ஆம்ப்ளிஃபயரின் தொல்லை ஓய்ந்தது. டிடிஏ7294, எல்எம்1875 போன்ற ஐசிக்களைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது, அவற்றின் உலோகப் பகுதி நெகடிவ் ரயிலோடு இணைந்தது என்பதாகும்; கிரவுண்டு என்று எண்ணி நேராகச் சேஸியில் திருகினால் நெகடிவ் ரயிலே ஷார்ட் ஆகிவிடும்.

அடுத்த காரணம் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடவிடும் சிறு மின்னோட்டம். டிரான்சிஸ்டரின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் பேஸ்-எமிட்டருக்குத் தேவையான வோல்ட்டேஜ் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுசெய்வதற்காகவே பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கிலேயே பொருத்த வேண்டும் என்று வடிவமைக்கிறார்கள். அதைப் போர்டில் அந்தரத்தில் நிற்கவிட்டால், அவுட்புட் சூடாவது அதற்குத் தெரியாது. மின்னோட்டம் ஏற, சூடு ஏற, மீண்டும் மின்னோட்டம் ஏறிக் கடைசியில் டிரான்சிஸ்டர் உருகிப்போகும். பயாஸைத் திருத்தும் சிறு திருகு ரெசிஸ்டரான பிரிசெட்டைக் குறைந்த நிலையில் வைத்துத்தான் முதல் மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பை நீக்கிய பிறகு, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்து, மெல்லத் திருப்ப வேண்டும். 6.6 மில்லிவோல்ட் காட்டினால் 30 மில்லியாம்பியர் ஓடுகிறது. காதால் கேட்டு இதை வைக்க முடியாது. பத்துப் பதினைந்து நிமிடம் சூடேறவிட்டு மீண்டும் அளந்து திருத்த வேண்டும்.

பாட்டே போடாதபோதும் ஹீட் சிங்க் கொதிக்கிறது, பயாஸும் சரி, டிசியும் சரி என்றால், காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயர் தானாக ஆடிக்கொண்டிருக்கலாம் (ஆசிலேஷன்). அலைவடிவத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லாதவருக்கும் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருடன் தொடராக நிற்கும் 10 ஓம் ரெசிஸ்டர் பாட்டு ஓடும்போதுகூடப் பெரிதாகச் சூடாகக் கூடாது. அது பழுப்பேறி இருந்தால் பெரும்பாலும் ஆசிலேஷன்தான். போர்டிலிருந்து டிரான்சிஸ்டருக்கு நீளமான ஒயர் இழுத்திருப்பதும், வோல்ட்டேஜ் ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டரின் பேஸ்-கலெக்டர் இடையே இருக்க வேண்டிய சிறிய பிகோஃபாரட் கெப்பாசிட்டர் விடுபட்டிருப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள்.

போலி உதிரிபாகங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூல 2எஸ்சி5200-இன் வரம்பு 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். அதே எண்ணை அச்சிட்டு, உள்ளே சிறிய சிலிக்கான் துண்டை வைத்து விற்கப்படுபவை குறைந்த வால்யூமில் நன்றாகவே பாடி, சத்தத்தைக் கூட்டியதும் வெடிக்கும். வெடித்ததை உடைத்துப் பார்த்தால் சிலிக்கானின் அளவே உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் எல்லாப் பழியையும் போலியின் மேல் போட்டுவிடுவதும் சரியாகாது. டிரைவராகப் போடப்படும் பிடி139-இன் வரம்பு 80 வோல்ட். இருபுறமும் 35 வோல்ட் உள்ள செட்டில் அது தாங்கும், அதே போர்டுக்கு ±45 வோல்ட் கொடுத்தால் அசல் பிடி139-உம் தாங்காது. 2என்5551-க்குப் பதிலாகப் பிசி546-ஐப் போடுபவர்கள், நடுக்கால் இரண்டிலும் பேஸ் என்றாலும் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறியிருப்பதைக் கவனிப்பதில்லை.

ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று தொடர்ந்து கேட்கும் ஹம் சத்தத்தைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். இன்புட்டை ஷார்ட் செய்ததும் ஹம் நின்றுவிட்டால் அது வெளியிலிருந்து வருகிறது. நிற்காமல் 100 ஹெர்ட்ஸில் கரகரவென்று ஒலித்தால், ரெக்டிஃபயருக்கும் கெப்பாசிட்டருக்கும் இடையிலுள்ள ஒயரிலிருந்து சிக்னல் கிரவுண்டை எடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, கெப்பாசிட்டர்கள் சந்திக்கும் புள்ளியைத் தாண்டி ஒரே இடத்துக்கு எல்லாக் கிரவுண்டுகளையும் மாற்ற வேண்டும். இதைச் செய்யச் சோம்பி, பிளக்கிலுள்ள எர்த் பின்னைக் கழற்றிவிட்டு ஹம் போய்விட்டது என்று மகிழும் வழக்கம் பரவியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி காப்பு ஒருநாள் பழுதானால், இரும்புப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் வந்துவிடும். வால்யூமைத் திருப்ப வரும் குழந்தையின் கை அதைத்தான் முதலில் தொடும். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

போர்டு தயாரித்து விற்போரிடம் நான் கேட்பது பெரிதல்ல. சர்க்யூட் வரைபடம், தாங்கும் ரயில் வோல்ட்டேஜ், எமிட்டர் ரெசிஸ்டரில் இருக்க வேண்டிய மில்லிவோல்ட், உள்ளீட்டு ஜோடியிலும் அடுத்த டிரான்சிஸ்டரிலும் இருக்க வேண்டிய வோல்ட்டேஜ் ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுப் போர்டோடு கொடுக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும், ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக் காட்டுவதற்குத் தரும் மதிப்பெண்ணுக்குக் குறையாமல், வேண்டுமென்றே பழுதாக்கிய போர்டில் பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் தர வேண்டும். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் இத்தகைய பழுதுகாணும் முறைகளைப் படத்துடன் தொடராக வெளியிட்டால், என்னைப் போன்ற ஓய்வுபெற்ற பயிற்றுநர்கள் பலர் எழுதித்தர முன்வருவார்கள். நானும் எழுதித்தரத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
திருநெல்வேலி